தோற்றுவிட்டு வரும் பிள்ளை

அடையாறிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பையனுக்கு 13 வயது. நான்கு வருஷமாகக் கால்பந்து பயிற்சிக்குப் போகிறான். சனிக்கிழமை என்றால் யாரும் எழுப்பாமலே எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பானாம். இப்போது இரண்டு மாதமாகச் சனிக்கிழமை வந்தாலே வயிற்றை வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக் கொள்கிறான். இடையில் நடந்தது இதுதான்: பள்ளி அணிக்கு ஆள் எடுத்தார்கள், பட்டியலில் அவன் பெயர் இல்லை. "இது நிஜ வயிற்றுவலியா, சாக்கா? பணம் கட்டியாச்சு, போய்த்தான் ஆகணும் என்கிறார் அவன் அப்பா. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, வலி நிஜம்தான். பயம் வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மனசுக்கும் குடலுக்கும் நரம்பு வழியாக நெருங்கிய தொடர்பு உண்டு என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டி, பூச்சி, மலச்சிக்கல், வேறு கோளாறு எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். அதெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறான், சனிக்கிழமை மட்டும்தான் வலி என்றால், நோவு வயிற்றில், காரணம் மனசில். அவன் பொய் சொல்லவில்லை. "எனக்கு அங்கே போக வெட்கமாக இருக்கிறது அம்மா" என்று சொல்லத் தெரியாத பிள்ளை, "வயிறு வலிக்கிறது" என்கிறான். அவ்வளவுதான்.

"சின்னப் பசங்களுக்கு என்ன மனக்கவலை?" என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கி விடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 10 வயதிலிருந்து 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் குறை இருக்கிறது என்பதும் அவர்கள் கணக்குத்தான். பிள்ளைகள் மும்முரமாக ஆட்டத்தில் இறங்குவதும் இதே வயதில்தானே?

வேலிக்கு வெளியே நிற்கும் நாம்

மெரினா மணலிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் பையன்கள் செருப்பைக் கழற்றி கோல் கம்பமாக வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டும் வரை ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், தோற்றவன் ஜெயித்தவன் எல்லாரும் ஒன்றாகச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அங்கே வேடிக்கை பார்க்க அம்மா கிடையாது, அப்பா கிடையாது.

காசு கட்டிப் போகும் பயிற்சி வேறு மாதிரி. செயற்கைப் புல் தரை, விளக்கு வெளிச்சம், பெயர் போட்ட பனியன், மாதச் சம்பளம். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் பிள்ளைக்கு ஒழுங்கும் உடம்பும் வரும். அதில் சந்தேகமே இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்க 1920-லேயே கல்லூரி தொடங்கிய ஊர் நம்முடையது; இன்றும் நந்தனத்தில் இருக்கிறது அந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. ஆனால் காசு கட்டியதும் நமக்குள்ளே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து விடுகிறார். "இத்தனை ரூபாய் கொடுக்கிறோம், இவன் ஒரு கோல்கூடப் போடலையே!"

தி. நகரில் என் சிநேகிதி ஒருத்தியின் பெண் 11 வயதில் கோல் காக்கிறாள். போன மாதம் அவள் ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். ஆட்டத்தைவிட வேலியோரத்தில்தான் சத்தம் அதிகம். "பாஸ் பண்ணுடா!" என்று ஒரு அப்பா. "ஓடு, ஓடு, தூங்காதே!" என்று ஒரு மாமி. உள்ளே பயிற்சியாளர் வேறு என்னவோ சொல்கிறார். பிள்ளை யார் சொல்வதைக் கேட்கும்? ஒரு பந்து அவள் கைக்கு எட்டாமல் உள்ளே போயிற்று. உடனே அவள் பந்தைப் பார்க்கவில்லை, பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் அம்மா முகத்தைத்தான் பார்த்தாள். என் சிநேகிதி கெட்டிக்காரி. கையைத் தட்டி, "பரவாயில்லைடி கண்ணு!" என்று சிரித்தாள். பெண் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நின்றுவிட்டாள்.

ஆட்டத்தின்போது அம்மா செய்ய வேண்டியது இவ்வளவுதான். கை தட்டுங்கள்; எதிரணிப் பிள்ளை நன்றாக ஆடினாலும் தட்டுங்கள். எப்படி ஆடுவது என்று கத்த வேண்டாம். அதற்குத்தான் பயிற்சியாளர் இருக்கிறாரே!

வண்டியில் வரும் வழி

ஆட்டம் முடிந்து ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ வீட்டுக்கு வருகிற அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் ரொம்ப நாசூக்கான நேரம். பிள்ளைக்கு உடம்பெல்லாம் அலுப்பு. செய்த தப்பு ஒவ்வொன்றும் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பார்த்து நாம், "அந்தப் பந்தை ஏண்டா விட்டே? அவன் பாரு, எப்படி ஆடறான்!" என்று ஆரம்பித்தால் வெந்த புண்ணில் வேல்தான்.

அந்த நேரத்தில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். "நீ ஆடறதைப் பார்க்க எனக்கு சந்தோஷமா இருந்தது" என்று ஒரு வார்த்தை. தோற்ற நாளிலும் இதே வார்த்தைதான். பேச வேண்டும் என்று தோன்றினால் அவனே பேசுவான்; குளித்துச் சாப்பிட்டு, தோசைக்கல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மெல்ல ஆரம்பிப்பான். அப்போது நாம் கையிலிருக்கிற வேலையைப் பார்த்தபடியே "உம்... அப்புறம்?" என்று கேட்டால் போதும். உபதேசம் தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும்.

கோல் போட்டால் ஐஸ்கிரீம், ஜெயித்தால் பிரியாணி என்று ஆசை காட்டும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. ஆசை காட்டுவது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் தோற்ற அன்று பிரியாணி இல்லை என்றால் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? "ஜெயித்தால்தான் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும்." வாங்கித் தருவதாக இருந்தால் இரண்டு நாளும் வாங்கித் தாருங்கள்.

பட்டியலில் பெயர் இல்லாதபோது

களத்தில் இறங்குவது 11 பேர். பள்ளியில் ஆட ஆசைப்படுவதோ 60, 70 பேர். ஆகவே பெயர் விட்டுப்போகும் பிள்ளைகள்தான் எப்போதும் அதிகம். இப்போது அந்தப் பட்டியலும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. பிள்ளைக்குத் தெரியுமுன் அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்து விடுகிறது. வெட்கம் இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு "இது ஒரு பெரிய விஷயமா, விடு" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அது பெரிய விஷயம்தான். "அந்தக் கோச்சுக்குக் கண்ணு தெரியலை, அவன் வேண்டியவங்களைத்தான் எடுப்பான்" என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவரிடமே பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டுமே! "வருத்தமாத்தான் இருக்கும், எனக்கும் உன்னைப் பார்க்க வருத்தமா இருக்கு" என்று பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு நாள் கழித்து அவனையே பயிற்சியாளரிடம் போய், "நான் எதில் தேற வேண்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சண்டை போடுவதைவிட அவன் தானே கேட்டு வரும் பதில் நூறு மடங்கு மேல்.

அடையாறு சகோதரிக்கும் இதுதான் என் பதில். இந்தச் சனிக்கிழமை அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அடியோடு நிறுத்தவும் வேண்டாம். "இரண்டு வாரம் ஓய்வு எடுத்துக்கோ. அப்புறம் நீயே யோசித்துச் சொல்லு" என்று விட்டுப் பாருங்கள். கணவரிடம், கட்டிய பணம் போனால் போகட்டும், பிள்ளையின் ஆசை போகக்கூடாது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அவன் திரும்பிப் போக ஆசைப்பட்டால் நல்லது. "வேண்டாம், நான் கேரம் ஆடறேன், சைக்கிள் ஓட்டறேன்" என்றாலும் குடி முழுகிவிடாது.

பெரிய வீரர்களும் அழுதிருக்கிறார்கள்

ஆண்பிள்ளை அழக்கூடாது என்கிற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு வீரர் இனியெஸ்டாவின் கதையை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 2009-ல் அவருடைய அணி எல்லாக் கோப்பையையும் வாரிக் குவித்த வருஷம். அப்போதுதான் அவருக்குக் காயம் பட்டது. ஆகஸ்டில் நெருங்கிய நண்பரும் சக வீரருமான ஹார்கே திடீரென்று இறந்துபோனார். இனியெஸ்டா மனசு ஒடிந்து போனார். ஒரு நாள் நடுராத்திரி தாய் தந்தையின் அறைக்கு வந்து, உங்களோடு படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். அப்போது அவருக்கு வயது 25! பெற்றவர்கள் கேலி செய்யவில்லை, இடம் கொடுத்தார்கள். அவர் மனநல நிபுணரிடம் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். மறுவருஷம், 2010 ஜூலை 11, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை ஜெயிக்க வைத்த ஒரே கோலை அவர்தான் போட்டார்; பனியனுக்குள் அந்த நண்பர் பெயரை எழுதி வைத்துக்கொண்டு.

இன்னொரு கதை துக்கமானது. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கில்லை, நாம் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். ஜெர்மனியில் ராபர்ட் என்கே என்று ஒரு கோல் காப்பாளர். நாட்டின் அணிக்கே ஆடியவர். பல வருஷமாக மனச்சோர்வு நோய். டாக்டரிடம் காட்டினாலும் ஊருக்குத் தெரிந்தால் ஆட்டம் போய்விடும், தத்தெடுத்த பெண் குழந்தையையும் பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து மூடி மறைத்தார். 2009 நவம்பர் 10-ஆம் தேதி, 32 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி தெரேசா எல்லார் முன்னாலும் வந்து உண்மையைச் சொன்னார். அன்பு இருந்தால் இதைக் கடந்துவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் எப்போதும் அப்படி முடிவதில்லை என்று அந்தப் பெண்மணி சொன்னதை நாம் மறக்கக் கூடாது. அடுத்த வருஷம் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை ஏற்பட்டு, இந்த நோயைப் பற்றி மக்களுக்குச் சொல்லி வருகிறது.

வீட்டின் அன்பு இல்லாமல் முடியாது. ஆனால் நோய் என்று ஆகிவிட்டால் அன்போடு டாக்டரும் வேண்டும். மஞ்சள்காமாலையை அன்பால் மட்டும் ஆற்றுவோமா என்ன?

காயம் பட்டால்

முழங்கால் ஜவ்வு கிழிந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் காலைவிட மனசுதான் அதிகம் வலிக்கும். சிநேகிதர்கள் எல்லாரும் மைதானத்தில். இவன் மட்டும் ஜன்னலோரத்தில். முடிந்தால் ஆட்டம் பார்க்கவாவது அழைத்துப் போங்கள். "எப்போ ஆடுவே?" என்று தினம் கேட்காதீர்கள். டாக்டர் சொல்லும் நாளுக்கு முன் இறக்கவும் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளை அடுத்த நாட்களில் எரிந்து விழுந்தால், தூக்கம் கெட்டால், தலைவலி என்றால், "திமிர்" என்று நினைக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். மூளை அதிர்ச்சியின் அடையாளம் அது.

2022 நவம்பரில் நம் மயிலாப்பூர்ப் பக்கம் ராணி மேரிக் கல்லூரியில் படித்துவந்த 17 வயதுப் பெண் ஒருத்தி, வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலையே இழந்து, 15-ஆம் தேதி உயிரையும் விட்டாள். ஊரே கலங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது அவளைப் பெற்றவர்களை நினைத்தேன். கூடவே அவளோடு பந்தாடிய பெண்பிள்ளைகளையும் நினைத்தேன். தோழிக்கு இப்படி நேர்ந்தால் கூட ஆடும் பிள்ளைக்குப் பந்தைத் தொடவே பயமாக இருக்கும். உங்கள் பிள்ளையின் அணியில் யாருக்காவது பெரிய காயமோ சாவோ நேர்ந்தால், "அதைப் பற்றிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். பேசட்டும், அழட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம்

வயசுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும் வழக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. "கறுத்துப் போயிட்டியே, கால் பாரு ஆம்பிளை மாதிரி" என்று உறவுக்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தை ஆறு மாதம் உள்ளே உறுத்தும். அப்படிச் சொன்னால் அங்கேயே, பெண் காதில் விழும்படி, "அவ நல்லா ஆடறா" என்று நாம் சொல்லிவிட வேண்டும்.

சோர்வாக இருக்கிறாள், எதிலும் பிடிப்பு இல்லை என்றால் இரத்தத்தையும் பரிசோதியுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். டாக்டர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2022-ல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணியோடு ஐரோப்பா போன துணைப் பயிற்சியாளர் ஒருவர், தகாத நடத்தை என்ற புகாரில் திருப்பி அழைக்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நல்ல பயிற்சியாளர்கள்தான் அதிகம். ஆனாலும் ஆட்டம் பிடித்த பிள்ளை திடீரென்று குறிப்பிட்ட ஒருவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் போக மறுத்தால், பையனானாலும் பெண்ணானாலும், காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் சொன்னால் நம்புங்கள். சிறுவர் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. போக்சோ சட்டம் இருக்கிறது.

ஆட்டமே மருந்தாகவும் ஆகும்

இத்தனையும் படித்துவிட்டு, "வேண்டாம்பா இந்தப் பந்தாட்டம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெற்றோரை இழந்து கடலூர்க் காப்பகத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்தார். கடலைப் பார்க்கவே நடுங்கிய பிள்ளைகளுக்கு ஓட ஒரு மைதானமும், கூட ஓடப் பத்துத் தோழிகளும் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கடலூர் மண் அப்புறம் நல்ல வீராங்கனைகளைத் தந்தது. 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை ஜெயித்து தேசியக் கோப்பையை வாங்கியபோது கடலூர் இந்துமதியும் அந்த அணியில் இருந்தார்.

அதனால்தான், பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தைப் பரணில் தூக்கிப் போடுவது சரியல்ல என்கிறேன். 5 முதல் 17 வயதுவரை தினம் 60 நிமிஷம் உடம்பு வேலை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மார்க் குறைந்தால் ஆட்டத்தைப் பிடுங்குவது தண்டனையாகவே ஆகாது. படிப்பின் பாரத்தை இறக்கி வைக்கும் ஒரே திண்ணையையும் இடித்துவிட்டதாகத்தான் ஆகும். பயிற்சி நேரத்தைக் குறைக்கலாம், அடியோடு வேண்டாம். அதே போல் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கும் என்று அதற்காகவே விரட்டி விரட்டி ஆட வைப்பதும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. 13 வயதுக்கு மேல் ராத்திரி 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். படுக்கையில் போன் கூடாது.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

ஒரு நாள் அழுகை, இரண்டு நாள் முகத்தூக்கல் சகஜம். கீழே சொல்வது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சும்மா இருக்காதீர்கள்:

தூக்கம் கெடுவது, அல்லது எப்போதும் தூங்குவது. சாப்பாடு இறங்காமல் இளைப்பது. ஆட்டம் மட்டுமல்ல, பிடித்த எதிலுமே நாட்டமில்லாமல் போவது. சிநேகிதர்களை ஒதுக்குவது. காரணமில்லாத கோபம். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கையில் தானே கீறிக்கொண்ட தடம்.

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேடுங்கள்; பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா கண்ணா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும்.

யாரிடம் போவது? குழந்தை டாக்டரிடமே தொடங்கலாம். அவர் வழி காட்டுவார். பள்ளியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவர். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம் 14416 என்ற இலவச எண்ணில். 2022-ல் அரசு தொடங்கியது. நம் சென்னையிலேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த 'ஸ்நேகா'வின் எண் 044-24640050. "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா?" என்று யாராவது வாயைத் திறந்தால் காதில் வாங்காதீர்கள். கால் சுளுக்கினால் கட்டுப் போடுகிறவரிடம் போகிறோம். மனசு சுளுக்கினால் அதற்குரியவரிடம் போகிறோம்.

இந்த மூன்று எண்களையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன் இட்லியும் வாழைப்பழமும், முடிந்ததும் நீர்மோரும் கொடுத்து அனுப்ப மறக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை தோற்றுவிட்டு வந்த நாளில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கு அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். மற்ற தாய்மார்களுக்கும் உதவும்.